அம்பாசிடர் பிளாக்குக்கு டார்க் பிளேட் போட்டு ஹோனிங் செய்த கதை

கும்பகோணம் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு இன்றும் அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வண்டி ஓடுவதே அதற்காகத்தான். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். முன்பு ஒரு பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டும் ஆயில் குடிப்பது நிற்கவில்லை. "ரிங் செட் ஆனா சரியாயிடும்" என்றார்கள். முகூர்த்த சீசன் வந்து போனது, புகை மட்டும் அப்படியே இருந்தது. வால்வு கைடு மாற்றியும் பயனில்லை.

எஞ்சின் பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மேல்பக்கம் ஒரு அங்குலத்தில் சில இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது. அதை ஒட்டியே ஹோனிங் கோடு (துளையைக் கல்லால் தேய்த்து முடிக்கும்போது விழும் கோடு) அழியாமல் மங்கலாக இருந்தது. "ரிங் சுத்தி வர உக்காரவே இல்ல தம்பி. பளபளப்பு எங்க இருக்குன்னு பாருங்க, எல்லாம் ஸ்டட் பக்கம்."

காரணம் எளிதுதான். ஹெட் நட்டுகளை இறுக்கும்போது பிளாக்கில் நட்டிருக்கும் மரைக்கம்பியான ஒவ்வொரு ஸ்டட்டும் தன்னைச் சுற்றியுள்ள இரும்பை மேலே இழுக்கிறது. வட்டமாக ஹோன் செய்த துளை அந்த இழுப்பில் லேசாகக் கோணலாகிறது. ஹெட் இல்லாமல் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், மாட்டியபின் சரியாக இருக்காது. அதனால் ஹெட்டுக்குப் பதில் ஒரு கனத்த தட்டை அதே இறுக்கத்தில் மாட்டி, அது இருக்கும்போதே ஹோன் செய்ய வேண்டும். டார்க் என்றால் நட்டை இறுக்கும் முறுக்கின் அளவு, அந்தத் தட்டுதான் டார்க் பிளேட்.

தேடினால் தஞ்சாவூர், மன்னார்குடி பட்டறைகள் எதிலும் இந்த பிளாக்குக்கு ஒன்று இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே பட்டறை பிழைப்பதே பம்ப்செட், டிராக்டர், அறுவடை மிஷின் வேலையில். அதில் பெரும்பாலும் பழைய லைனரை (பிளாக்குக்குள் தனியாக இறங்கும் சிலிண்டர் குழாய்) உருவிவிட்டு, பிஸ்டனோடு செட்டாக வரும் புது லைனரை இறக்குவதுதான் வழக்கம். நடவு நேரத்தில் வண்டியைக் கொண்டுவரும் விவசாயியிடம் தட்டு செய்யும்வரை பொறுங்கள் என்று யார் சொல்வது?

சரி, நாமே செய்துவிடுவோம் என்று திருச்சி துவாக்குடிக்குப் போனோம். பெல் பாய்லர் ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிற்கூடங்கள் இருக்கும் ஊர், கனமான இரும்புத் தகட்டுக்கு அங்கே பஞ்சமே இல்லை. 50 மி.மீ. தகட்டில் ஒரு துண்டு வெட்டி வாங்கினோம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டை வைத்துக் கோடு போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. ஸ்டட் துளைகளின் இடத்தை பிளாக்கிலிருந்தே அளந்து எடுக்க வேண்டும் என்று நின்றார், அதுதான் சரி. இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 73.025 மி.மீ., ரீபோர் செய்த ஓவர்சைஸில் இன்னும் கொஞ்சம் கூடும். ஹோனிங் கல் மேலே வந்து போக வேண்டும் என்பதால் தட்டின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் கேஸ்கெட்டின் உள்வளையத்தைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் அந்த வளையத்தின் மேல் அழுத்தமே விழாது, தட்டு போட்டதற்கே அர்த்தமில்லை. கடைசியாக அடிப்பக்கத்தை கிரைண்டிங் செய்து மட்டமாக்கினோம்.

தட்டு ஹெட்டின் உயரம் இல்லை. மிச்ச உயரத்துக்கு லேத்தில் புஷ் (குழல் துண்டு) கடைந்து ஸ்டட்டில் கோத்தோம். எஞ்சினில் இருக்கப்போகும் அதே ஸ்டட், அதே நட்டு, அதே வாஷர், மரையில் அதே எண்ணெய். கேஸ்கெட்டும் அதே கம்பெனியில் இரண்டு வாங்கினோம், ஒன்று ஹோனிங்கில் நசுங்குவதற்கு, இன்னொன்று எஞ்சினுக்கு. இறுக்கும் வரிசையும் டார்க்கும் மேனுவலில் உள்ளபடியே. மெயின் பேரிங் கேப்புகளையும் இறுக்கிக்கொண்டோம். இதில் ஒன்று மாறினாலும் இழுப்பு மாறும். தட்டை மட்டும் கடன் வாங்கிக் கிடைத்த போல்ட்டைப் போட்டு இறுக்குவது வீண் வேலை.

போரிங் பட்டறை ஐயாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "நாப்பது வருசமா தட்டு இல்லாமத்தான் ஓட்டுறேன்." வாதம் செய்யாமல் துளையின் விட்டத்தை முள்ளால் காட்டும் டயல் போர் கேஜை உள்ளே விட்டோம். போரிங் முடித்து, ஹோனிங்குக்கென்று கொஞ்சம் மீதம் வைத்திருந்த துளை வட்டமாகவே காட்டியது. தட்டை இறுக்கி மறுபடி விட்டபோது மேல்பகுதியில் முள் 2, 3 நூறுபங்கு மில்லிமீட்டர் அசைந்தது. கீழே போகப் போக அசைவே இல்லை. ஐயா கேஜைத் தன் கையில் வாங்கி அவரே திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

220 கல்லில் வட்டத்துக்குக் கொண்டுவந்து, அதைவிட நைசான 280 கல்லில் முடித்தார். சாதாரண வார்ப்பு ரிங்குக்கு அது போதும். நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டுத்தான் அளந்தார், சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும். முடிந்து தட்டைக் கழற்றியதும் துளை கோணலாகக் காட்டியது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹெட் ஏறினால் வட்டமாகிவிடும். அந்தக் கோணலைச் சரிசெய்கிறேன் என்று யாரும் மறுபடி கல்லை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. டீசலில் கழுவினால் கல் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ். அப்புறம் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணி கறுப்பது நிற்கும் வரை விடவில்லை.

ரிங் படிய எஞ்சினுக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும், டெல்டாவிலோ ஏற்றம் என்று சொல்ல பாலங்கள்தான் உண்டு. பாபநாசம் வழியாகத் தஞ்சாவூருக்குப் போய் வரும்போது அழுத்தி, விட்டு, அழுத்தி ஓட்டினேன். மினரல் ஆயில்தான் ஊற்றினோம். கொஞ்சம் ஓடியபின் ஹெட்டை மறுபடி டார்க் வைத்து வால்வு இடைவெளியும் பார்த்தோம்.

இப்போது அடுத்த ஆயில் மாற்றும்வரை நடுவில் ஊற்ற வேண்டியதில்லை. இதில் தட்டுக்கு எவ்வளவு பங்கு, கவனமாகக் கழுவியதற்கும் அளந்ததற்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. லைனர் மாற்றுகிற எஞ்சினுக்கு இந்தச் செலவு வேண்டாம் என்பேன். பிளாக்கிலேயே போர் செய்கிற பழைய பெட்ரோல் எஞ்சின் என்றால் செய்யலாம். தட்டு ஐயா பட்டறையில்தான் இருக்கிறது, இன்னொரு அம்பாசிடர் பிளாக் வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கேஸ்கெட் மட்டும் அவரவர் இரண்டாக வாங்கிவர வேண்டும்.