மொட்டை மாடியில செங்காந்தள், இது வரைக்கும் நடந்தது

வேலூர் பக்கத்துல அமிர்தி காட்டுக்கு போற ரோட்டுல ஒரு செங்காந்தள் கொடி புதர் மேல ஏறி பூத்து நின்னுச்சி, அத பார்த்ததுல இருந்தே ஆசை. ஆனா காட்டுல தோண்டறது எனக்கு புடிக்கல, மருந்துக்குன்னு தோண்டி தோண்டியே பல இடத்துல குறைஞ்சிபோச்சி. தாராபுரம் பக்கம் இத வயல்லயே பயிர் பண்றாங்க, கண்வலிக் கிழங்குன்னு சொல்வாங்க, அங்க இருந்து ஒருத்தர் மூலமா விதைக்கிழங்கு வந்துச்சி.

கிழங்கு வி ஷேப்புல இருக்கு, முளை அந்த முனையில மட்டும்தான், முனை ஒடிஞ்சா அந்த பக்கம் அவ்ளோதான். செம்மண்ணும் மணலும் கலந்து படுக்க வச்சி மூடிட்டேன்.

நம்ம வேலூர் வெயில்ல சித்திரை, வைகாசி முழுக்க ஒண்ணும் காணோம், அது தூங்கற சீசன், தண்ணி ஊத்துனா அழுகிடும். அம்மா வேற "காலி தொட்டிய இன்னாத்துக்குடா வச்சிகினு இருக்கற, புதினாவாவது போடு"ன்னு தினமும். ஆனி கடைசியில சாயங்கால மழை பேஞ்சதும் முளை வந்துச்சி பாருங்க, அப்புறம் ஸ்பீடுதான், இலை நுனியே நீண்டு சுருண்டு கயித்த புடிச்சிகினு மேல போயிடுச்சி.

புரட்டாசியில பூ. மொட்டு பச்சையா தலைகீழா தொங்குது, விரியறப்போ ஆறு இதழும் அப்படியே மேல மடங்குது, ஓரமெல்லாம் நெளி நெளியா, மொதல்ல பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் நுனியில இருந்து செவப்பு இறங்கி வந்து கடைசியில முழுசா செவப்பு, ஒரே கொடியில எல்லா ஸ்டேஜும் பார்க்கலாம். எனக்கு ரொம்ப புடிச்சது சூல்தண்டு, அதாவது பூவோட பெண் பாகத்துல இருக்கற தண்டு, அடியிலயே சட்டுனு பக்கவாட்டுல திரும்பி மகரந்தப் பைங்கள விட்டு தள்ளி நிக்குது, தன் மகரந்தம் தன் மேல விழக்கூடாதுன்னு. மகரந்தம் சேர்க்கற வேலைய காட்டுல பட்டாம்பூச்சி, தேன்சிட்டு பார்த்துக்கும், மாடியில யாரு வருவா? தாராபுரம் ஆளுங்க காலையில கையாலதான் பண்றாங்கன்னு கேள்விப்பட்டு நானும் இயர்பட்ஸ் வச்சி ஒரு பூவுல இருந்து இன்னொண்ணுக்கு தடவுனேன். தடவுனதுல நிறைய காய் புடிச்சிது, விட்டதெல்லாம் சும்மா வாடிடுச்சி.

இப்போ தை, கொடி காய்ஞ்சி போச்சி, காய் வெடிச்சி உள்ள ஆரஞ்சு கலர்ல விதை. செடி முழுக்க கோல்கிசின் விஷம், கிழங்குலயும் விதையிலயும் ரொம்ப அதிகம், கீல்வாத மாத்திரைக்கு போறதும் அதேதான். அதனால கிளவுஸ் இல்லாம தொடறதில்ல, பக்கத்து வீட்டு வாண்டுங்க வந்தா மாடிக் கதவு பூட்டு. விதை போட்டா பூக்க வருஷக்கணக்கா ஆகும், பழைய கிழங்கு சுருங்கி புதுசு வந்திருக்கும், அத எடுத்து ஆடிக்கு முன்னாடி வேற தொட்டியில போடணும்.