ஸ்மக்ளர்ஸ் நாட்ச்: மரங்களுக்கு நடுவே டிஸ்க் கால்ஃப்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெஃபர்சன்வில் ஊரை ஒட்டி இருக்கிறது ஸ்மக்ளர்ஸ் நாட்ச். பனிச்சறுக்குக்குப் பேர்போன ரிசார்ட். பனி உருகியபின் அங்கே போக நல்ல காரணம், அதன் இரண்டு டிஸ்க் கால்ஃப் (பறக்கும் தட்டை வீசிக் குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போடும் ஆட்டம்) மைதானங்கள். இரண்டிலும் 18 கூடைகள். ஃபாக்ஸ் ரன் மெடோஸ் பெரும்பாலும் திறந்தவெளி. ப்ரூஸ்டர் ரிட்ஜ் காட்டுக்குள் இருக்கிறது. 2018, 2023 இரண்டு ஆண்டுகளிலும் உலக சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. முதலாவதில் கிரெக் பார்ஸ்பி, பெய்ஜ் பியர்காஸ். அடுத்ததில் ஐசக் ராபின்சன், கிறிஸ்டின் டாட்டர். முறையே ஆண்கள், பெண்கள் பட்டங்களை வென்றார்கள்.

காட்டு மைதானத்தில் ஆட்டம் முதல் 20 மீட்டரிலேயே முடிவாகிவிடும். வீசத் தொடங்கும் இடமான டீயிலிருந்து 20 மீட்டரில் இரண்டு மரங்களுக்கிடையே 4 மீட்டர் வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஐந்து டிகிரிக்குச் சற்று மேல்தான் பிசகலாம். அதே பிசகு திறந்த மைதானத்தில் 80 மீட்டரில் சுமார் 8 மீட்டர் விலகல். கூடையருகே கொஞ்சம் நீளமான பட் (கூடைக்குள் போடும் கடைசி வீச்சு) போட்டுச் சமாளித்துவிடலாம். காட்டிலோ தட்டு மரத்தில் மோதி, அங்கேயே கிடக்கும்.

கைவலு குறைந்தவருக்கு இது நல்ல செய்தி. 120 மீட்டர் வீசுபவரும் 75 மீட்டர் வீசுபவரும் ஒரே சந்துக்குள்தான் நுழைந்தாக வேண்டும். காற்றின் தொல்லையும் குறையும். ஒரு கூடைக்கு ஆடுபவரின் தட்டு பக்கத்துக் கூடைக்காரரின் தலைக்கு வருமோ என்ற பயமும் குறைவு.

அதிவேக டிரைவர்களை (தொலைதூர வீச்சுக்கான தட்டுகள்) பையிலேயே விட்டுவிடுவது நல்லது. வேக எண் 12 உள்ள தட்டு, அதற்குரிய வேகத்தில் வீசாவிட்டால் சீக்கிரமே சாய்ந்துவிடும். வலதுகைப் பேக்ஹேண்டுக்கு (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) இடப்பக்கம். கூடையருகே போட பட்டர் இரண்டு, நடுத்தர தூரத்துக்கு நேராகப் போகும் மிட்ரேஞ்ச் இரண்டு, வேக எண் 7 உள்ள ஃபேர்வே டிரைவர் ஒன்று, ஃபோர்ஹேண்டுக்கு (கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி வீசுவது) உறுதியாகச் சாயும் தட்டு ஒன்று. மொத்தம் ஆறு போதும். கிளைக்கடியில் மாட்டிக்கொண்டால் முட்டிபோட்டு வீசலாம். கால் வைக்கும் இடம் மட்டும் கவனம்: தட்டுக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், அதற்குள். கிளையை ஒடிக்க அனுமதி இல்லை.

குறைகளில் முதலாவது அதிர்ஷ்டம். ஒரே மாதிரி குறி தப்பிய இரண்டு வீச்சுகளில் ஒன்று மரத்தில் பட்டு வழிக்குள் திரும்பும். மற்றது புதருக்குள் போகும். இதைக் காட்டின் குணம் என்று மன்னிக்கலாம். ஆனால் வழியே விடாமல் மரங்களை அப்படியே நிறுத்திவிட்டு, 'எப்படியாவது நுழை' என்று கேட்கும் மைதானங்களை மன்னிக்க முடியாது. அங்கே திறமைக்கு வேலையே இல்லை. ப்ரூஸ்டர் ரிட்ஜில் வழிகள் வெட்டித் திறந்தவை. எங்கே வீச வேண்டும் என்பது டீயில் நின்றாலே தெரியும்.

இரண்டாவது, தேடல். விதிப்படி 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம், முன்பு வீசிய இடத்திலிருந்தே மறுபடி ஆட வேண்டும். நான்கு பேர் ஆடினால் எல்லோரும் டீயில் நிற்காமல், ஒருவர் முன்னே போய் மரத்தின் பின் பாதுகாப்பாக நின்று தட்டு விழும் இடத்தைக் கவனிப்பது நல்லது. கோடையில் பச்சைத் தட்டு வேண்டாம். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் நிறம் மாறிவிடும். அப்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் தரையோடு கலந்துவிடும். பளிச்சென்ற பிங்க் அல்லது வெளிர்நீலம் கண்ணில் படும். அடிப்பக்கம் பெயரும் போன் எண்ணும் எழுதிவிடுங்கள்.

மழைக்குப் பிறகு, நிழலால் தரை காய நாளாகும். வேர்கள் வழுக்கும், பிடிமானமுள்ள ட்ரெயில் ஷூ அவசியம். ஆட்கள் நடந்து நடந்து மண் இறுகி, வேர்கள் வெளியே வருவதும், டீக்கு எதிரே நிற்கும் மரங்களின் பட்டை அடிபட்டுக் கிழிவதும் காட்டு மைதானங்களின் நிரந்தர நோய். மே, ஜூனில் கருப்பு ஈ கடிக்கும். லைம் நோய் பரப்பும் உண்ணிகளும் வெர்மான்ட்டில் உண்டு. நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கழுத்து மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

பர்லிங்டன் விமான நிலையத்திலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். 15-ஆம் எண் சாலையில் ஜெஃபர்சன்வில் வந்து 108-இல் திரும்ப வேண்டும். மலைக்கு மறுபக்க ஊரான ஸ்டோவிலிருந்து கணவாய் வழியே வரும் 108 அழகானது, ஆனால் பாறைகளுக்கிடையே நெளியும் குறுகலான சாலை. பெரிய வண்டிகளுக்குத் தடை, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

இரண்டு மைதானங்களையும் ஒரே நாளில் ஆடுவதானால், காற்று எழும் முன் காலையில் ஃபாக்ஸ் ரன், மதியம் காடு. இலையுதிர்காலத்தில் மட்டும் ஒரு மணிக்கே ப்ரூஸ்டர் ரிட்ஜைத் தொடங்கிவிடுங்கள். மரங்களுக்கடியில் வெளிச்சம் முன்னதாகவே போய்விடும், கடைசிக் கூடைகளில் தட்டைத் தேட டார்ச் வேண்டியிருக்கும்.