இருப்பவர் யார், வரைந்தவர் யார்

வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. மருத்துவமும் பொறியியலும்தான் அதிகம் வரும். கலை வரலாறு வந்தால் டீமில் மெல்ல நழுவிவிடுவார்கள். அப்புறம் அது என் மேசைக்குத்தான். ஒரு படத்தின் விவரம் கேப்ஷனிலும் படப் பட்டியலிலும் இண்டெக்ஸிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியருக்குக் கேள்வி போடுவோம். அதற்குப் பெயர் ஏ.க்யூ.

என்னை அதிகமாக ஏ.க்யூ. போடவைத்தது, இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்ததாகச் சொல்லப்படும் 'இளைஞனின் உருவப்படம்'. 1513–14 வாக்கிலானது என்பார்கள். நீண்ட கூந்தல், தொப்பி, ஒரு தோளில் கிடக்கும் ரோம மேலாடை, கொஞ்சம் திமிரான பார்வை. லியோனார்டோ டா வின்சியின் 'எர்மினுடன் சீமாட்டி'யோடு இதையும் 1798 வாக்கில் இத்தாலியில் வாங்கியவர் போலந்து இளவரசர் செர்தோரிஸ்கி. 1939-இல் இரண்டும் நாஜிகள் கைக்குப் போயின. போர் முடிந்து லியோனார்டோ திரும்பியது. ரஃபேலை 1945-க்குப் பிறகு காணவில்லை.

எங்களுக்கு வந்த புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இதை ரஃபேலின் சுயஓவியம் என்றது. இன்னொன்று வெறும் 'இளைஞன்' என்றது. படப் பட்டியலோ 'ரஃபேல் வரைந்ததாகக் கருதப்படுவது' என்றது. மூன்று இடம், மூன்று கதை.

இங்கே இருப்பவை இரண்டு கேள்விகள். படத்தில் இருப்பவர் யார்? வரைந்தவர் யார்? இருப்பவர் ரஃபேல் என்றால் அது சுயஓவியம், சுயஓவியம் என்றால் வரைந்ததும் ரஃபேல் என்று வாதம் தன் வாலையே பிடித்துக்கொண்டு சுற்றும். ஓர் ஓவியரை இன்னொருவர் வரையக் கூடாதா என்ன? பட்டறை உதவியாளர்களின் கை இதில் இருக்கலாம் என்பவர்களும் உண்டு. முகத்தை ஒப்பிட, வத்திக்கான் சுவரில் உள்ள 'ஏதென்ஸ் பள்ளி'யின் வலது ஓரத்தில், கறுப்புத் தொப்பியோடு நம்மைப் பார்க்கும் ரஃபேல் இருக்கிறார். ஆனால் ஜாடை ஒத்துப்போனால் முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும்.

ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் இருபது வயதுச் சொச்ச ரஃபேலின் படத்துக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஆனால் அந்தப் பலகை கையில் இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரில் பார்த்து, வண்ணத்துக்கு அடியில் இருந்த கோட்டோவியத்தைக் கண்டார்கள். அவர் கைதான் என்ற பக்கம் வலுத்தது. போலந்துப் படத்துக்கு அந்த வழியே இல்லை. பழைய புகைப்படத்தின் மேல் எந்தக் கதிரை அடித்து என்ன பயன்? நிறம்கூட நம்பிக்கையில்லை. இரண்டு இடங்களிலிருந்து வந்த கோப்புகளில் தோல் நிறம் ஒன்றில் மஞ்சள், மற்றதில் பழுப்பு. சரிபார்க்க அசல் எங்கே இருக்கிறது?

டிசைனர் தம்பிக்கு இதெல்லாம் தலைவலி. "அண்ணா, ரஃபேல்னு போட்டா ஒரு வரியில முடிஞ்சிடும்." அவர் கஷ்டம் அவருக்கு. ஆனாலும் 'ரஃபேல் வரைந்ததாகக் கருதப்படுவது' என்ற நீளமான கேப்ஷன் பக்கம்தான் நான் நின்றேன். ஒரு வரி மிச்சம் பிடிப்பதற்காக ஆராய்ச்சியாளர்களின் சண்டையை நாங்கள் தீர்த்துவைக்க முடியாது.

ஆசிரியரின் பதில் சுருக்கமாக வந்தது: எல்லா இடத்திலும் 'கருதப்படுவது' என்றே இருக்கட்டும், சுயஓவியம் என்பதைக் கட்டுரைக்குள் விவாதமாக விட்டுவிடுங்கள். இண்டெக்ஸில் 'ரஃபேல், சுயஓவியங்கள்' என்பதன் கீழிருந்து அதை எடுத்து, அவர் படைப்பாகக் கருதப்படும் ஓவியங்களின் கீழ் வைத்தோம். கேப்ஷன் மூன்று வரி ஆனது. படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கித் தம்பி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.