ஐ2சி பஸ் டிரைவர்: மூன்றாவது வாரம்

நேற்றிரவு பதினொன்றரைக்கு 28274 என்ற எண் திரையில் வந்தது. 175 ஆல் பெருக்கி, 65535 ஆல் பிரித்து, 45 ஐக் கழித்தால் 30.5 பாகை. வெள்ளவத்தையில் ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருந்த எனக்கு அதைச் சொல்ல எஸ்எச்டி31 வெப்பநிலை சென்சர் தேவையில்லைதான், ஆனாலும் சொன்னது என் டிரைவர், அந்த சென்சரோடு பேச நான் எழுதும் மென்பொருள்!

விஷயம் இதுதான். ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி, அதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். ஐ2சி என்பது சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை (அந்தக் கம்பிகளைத்தான் பஸ் என்பது): எஸ்சிஎல்லில் துடிப்பு, எஸ்டிஏவில் தரவு. பையின் சிப்பிலேயே ஐ2சி வன்பொருள் இருக்கிறது, ஆனால் சென்சர் "பொறு, இன்னும் அளந்து முடியவில்லை" என்று எஸ்சிஎல் கம்பியைக் கீழே பிடித்து வைத்தால் அது ஒழுங்காகப் பொறுக்காது, பழைய குறை. அதனால் 17, 27 ஆம் ஜிபிஐஓ பின்களை, அதாவது பொது உபயோகப் பின்களை, மென்பொருளாலேயே ஆட்டும் டிரைவர் ஒன்று எழுதத் தொடங்கினேன். இதே வேலைக்கு ஃப்ரீபிஎஸ்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, தெரியும். எழுதிப் பார்க்கத்தானே ஆசை.

அந்தப் பின்கள் இரண்டும் தொடக்கத்தில் புல்-டவுனில், அதாவது உள்ளேயே கீழே இழுக்கப்பட்டு, இருப்பவை, மேலே இழுக்க வெளியே மின்தடை போடாமல் சரிவராது. 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், முதலாம் குறுக்குத் தெருவில் 4.7 கிலோ ஓம் வாங்கினேன். எதற்கென்று அம்மா கேட்டா, பஸ் டிரைவருக்கு என்றேன். "லைசன்ஸ் எடுத்திட்டியே?"

முதல் பிழை, 1 அனுப்ப வேண்டிய இடத்தில் பின்னை மேலே தள்ளியது. ஐ2சியில் யாரும் மேலே தள்ளக்கூடாது. பின்னை உள்ளீடாக மாற்றிக் கைவிட வேண்டும், மின்தடை இழுத்துக்கொள்ளும். கைவிட்ட பிறகு எஸ்சிஎல் உண்மையிலேயே மேலே வந்ததா என்று வாசித்துப் பார்ப்பதும் அவசியம், சென்சருக்குப் பொறுப்பதென்றால் அவ்வளவுதான்.

அடுத்தது முகவரி. சென்சரின் முகவரி ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 44, லினக்ஸில் அப்படியே கொடுக்கலாம். ஃப்ரீபிஎஸ்டியோ ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி 88 ஆகக் கேட்கும். நான் மறுபடியும் ஒரு தரம் தள்ளியிருந்தேன். ஒன்பதாவது துடிப்பில் ஏக், அதாவது சென்சரின் "கிடைத்தது" என்ற பதில், வராமல் இரண்டு இரவு போனது.

பெரிய கூத்து போன சனிக்கிழமை. வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிரெட்போர்டில் எஸ்சிஎல் மின்தடையின் கால் கழன்றுவிட்டது, நான் எழுதிய காத்திருப்பு லூப்புக்கு நேர எல்லையே கிடையாது, இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள் சுற்றுவதால், நிறுத்தச் சொல்லி கில் அடித்தும் சாகவில்லை. சரி, மின்தடையைத் திரும்பச் செருகிவிட்டு ரீபூட். அப்புறமும் வேலை செய்யவில்லை: ரீபூட்டில் சென்சருக்குப் போகும் 3.3 வோல்ட் துண்டிக்கப்படுவதில்லையே, பாதி பைட்டில் மாட்டிய சென்சர் எஸ்டிஏவைக் கீழேயே பிடித்துக்கொண்டிருந்தது. எஸ்சிஎல்லில் ஒன்பது துடிப்பு கொடுத்ததும் விட்டது. இப்போது டிரைவர் ஏறும்போதே அந்த ஒன்பதையும் கொடுக்கிறது, லூப்புக்கும் 25 மில்லிசெகண்ட் எல்லை வைத்தாயிற்று. சென்சருக்கு அளக்க அதிகம் போனால் 15 தான்.

தரவு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க சென்சர் அனுப்பும் சிஆர்சி பைட்டை இன்னும் சரிபார்க்காமல் எறிந்துகொண்டிருக்கிறேன். போயா லீவில் பார்க்க வேண்டும்.