டிரேசி வரைக்கும் போன புளிசாதம்

கலிஃபோர்னியாவுல லிவர்மோர் கோயிலுக்குன்னு சொல்லித்தான் அத்தையை வண்டியில ஏத்தினது. தரிசனம் முடிஞ்சு வெளிய வந்ததும் மச்சான், "மாமா, அப்படியே டிரேசி வரைக்கும் ஒரு இருபது நிமிஷம்"னு இழுத்தான். மச்சானோட இருபது நிமிஷம் எப்பவும் ரொம்ப நீளம். 

ஆல்டமான்ட் மலை தாண்டுறப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. வாங்குறதுக்கு ஒரு பழைய கார் பார்த்து வெச்சிருக்கான், 2013 சயான் எஃப்ஆர்-எஸ்னு ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், கம்பெனியில இருந்து வரும்போது 200 குதிரை. அது பத்தாதுன்னு யாரோ மேல ரோட்ரெக்ஸ் சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற கிட், மாட்டியிருக்காங்க. "கிட் மட்டுமே புதுசா நாலாயிரம் டாலருக்கு மேல மாமா, இவன் மூவாயிரம்தான் கூடக் கேக்குறான்"னான். பழைய வண்டியில இருக்கிற கிட்டுக்கு அந்த விலை கிடையாதுடா, அது ரிஸ்க்குக்கு நீ கட்டுற பணம்னு சொன்னா காதுல ஏறணுமே.

போய் இறங்கினதும் பானெட் மேல கைய வெச்சா நல்ல சூடு. "நீங்க வர்றீங்கன்னு ஓட்டி ரெடியா வெச்சேன்"னான் விக்கிற பையன். ரொம்ப உபகாரம். இந்த மாதிரி வண்டியோட பாதி ஜாதகம் ராத்திரி பூரா நின்ன எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்பதான் தெரியும். நீலப் புகை வருதா, ஐடில் தடுமாறுதா, கம்ப்யூட்டர்ல பெட்ரோல் அளவை ட்யூன் பண்ணவன் குளிர்ல ஓடுறதுக்கும் கணக்குப் போட்டிருக்கானா, எல்லாம் அந்த முதல் ஒரு நிமிஷத்துல. சூடாயிட்டா எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான்.

பையன் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிச்சான். அத்தை ஜன்னலை இறக்கி, "மாப்பிள்ளை, உள்ள யாரு மிக்ஸி போடுறது?"ன்னாங்க. மச்சான் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு.

இந்த வகை மையவிலக்கு சூப்பர்சார்ஜர்ல பூஸ்ட், அதாவது தள்ளுற காத்தோட அழுத்தம், எஞ்சின் சுத்துற வேகம் (ஆர்பிஎம்) கூடக் கூடத்தான் ஏறும். தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தா ஒண்ணும் புரியாது. நாலாவது கியர்ல 3,500-ல இருந்து முழுசா மிதிச்சு 7,000 வரைக்கும் பூஸ்ட் முள்ளைப் பார்க்கணும். ஆர்பிஎம் ஏறி வண்டி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. ஆர்பிஎம்மும் வேகமும் ஏறி, முள் மட்டும் மேல போய்ப் படுத்துடுச்சுன்னா பெல்ட் வழுக்குது, இல்ல அதிகக் காத்தைத் திருப்பி விடுற பைபாஸ் வால்வு கசியுது. பெல்ட்டா இருந்தா அது ஓடுற சக்கரத்தை, அதான் புல்லியை, சுத்தி கறுப்பு ரப்பர் தூள் இருக்கும். மச்சான் விரலை விட்டுப் பார்த்தான், இருந்துச்சு. விரலைக் கோயிலுக்குன்னு போட்டிருந்த வெள்ளைச் சட்டையில துடைச்சான்.

ரோட்ரெக்ஸுக்குத் தனி ஆயில், தனி டேங்க், தனி ஃபில்டர். உள்ள பல்சக்கரம் கிடையாது, உருளைகள் ஒண்ணை ஒண்ணு அழுத்திப் பிடிச்சுதான் சுத்தும், அந்தப் பிடிமானமே அந்த ஆயில்லதான் இருக்கு. அதுல எஞ்சின் ஆயிலை ஊத்தினா கதை முடிஞ்சுது. "கடைசியா எப்ப மாத்தினீங்க, ரசீது இருக்கா?"ன்னா, "மாத்தியாச்சு மாத்தியாச்சு"ன்னு பையன் வானத்தைப் பார்த்தான்.

இந்த 2013 மாடல்ல வால்வு ஸ்பிரிங்கை மாத்தித் தர்றோம்னு கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்ட ரீகால் வேற உண்டு, 2018-ல வந்தது. அந்த வேலைக்கு எஞ்சினையே இறக்கணும். திரும்ப மூடும்போது சீலன்ட் அதிகமாப் பூசிட்டா, பிசிறு கழண்டு போய் ஆயில் உறிஞ்சுற வலையை அடைக்கும். அதுக்கும் ரசீது கேட்டோம். அதுக்கும் வானம்தான்.

அப்புறம் ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழ செருகின உடனே, வண்டி தன்னைத் தானே பண்ணிக்கிற சோதனைகள்ல (மானிட்டர்) பாதி "தயாரில்லை". சமீபத்துல யாரோ வண்டி பதிவு பண்ற எரர் கோடுகளை (பழுதுக் குறியீடு) அழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா நிரந்தர எரர் கோடுகளை ஸ்கேனரால அழிக்க முடியாது, கம்ப்யூட்டர் தானா திருப்தியானாத்தான் போகும். பி0171 உட்கார்ந்திருந்துச்சு. காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. 12.5 கம்ப்ரெஷன் எஞ்சின்ல, கலிஃபோர்னியாவோட 91 ஆக்டேனைக் குடிச்சுக்கிட்டு, பூஸ்ட்ல பெட்ரோல் கம்மியா ஓடினா பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிச்சு நாக் அடிக்கும், பிஸ்டன் உடையும், ராட் வளையும். "செக் எஞ்சின் லைட்டே எரியலையே மாமா"ன்றான் இவன். லைட்டை அணைச்சு வெச்சிருக்காங்கடா!

ஸ்மாக், அதாவது கலிஃபோர்னியாவோட புகைச் சோதனை, அந்தக் கூத்து தனி. கிட்டுக்கு மாநில அனுமதியைக் காட்டுற ஈஓ எண் ஸ்டிக்கர் இருக்கணும், இருந்துச்சு. ஆனா அந்த அனுமதி கிட் வந்தபடியே இருந்தாத்தான் செல்லும், சின்னப் புல்லி மாட்டினா செல்லாது. 2021 ஜூலையில இருந்து கம்ப்யூட்டர்ல இருக்கிற மென்பொருளையும் பார்க்கிறாங்க, அனுமதியில்லாத ட்யூன் ஃபெயில்தான். சர்டிஃபிகேட் வாங்கித் தர்றது விக்கிறவன் பொறுப்புன்னு சட்டமே சொல்லுது. பையன் கேட்ட விலைக்கு "அதை நீங்களே பார்த்துக்கோங்க"வாம். சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்கிற கம்ப்ரெஷன் டெஸ்ட்னு வாயெடுத்ததும் முகம் இறுகிடுச்சு. அதுல அவனையும் குத்தம் சொல்ல முடியாது. பாக்ஸர் எஞ்சின்ல பிளக் ரெண்டு பக்கமும் சேஸிஸ் சுவரைப் பார்த்து இருக்கும். நாலைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள முழங்கைத் தோல் போயிடும்.

கிளம்பலாம்னு திரும்பினா, அத்தை அந்தப் பையன் கையில புளிசாத டப்பாவைக் குடுத்து ஸ்பூனையும் நீட்டிக்கிட்டு இருக்காங்க. "மதியம் சாப்பிடலையாம் மாப்பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே தெரியுது." இவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. நின்னுக்கிட்டே டப்பா பூரா காலி பண்ணான், வேர்க்கடலை ஒண்ணு விடாம.

டப்பாவைக் கழுவிக் கொண்டு வர்றேன்னு உள்ள போனவன், கூடவே ஒரு அட்டைப் பெட்டியும் தூக்கிட்டு வந்தான். கிட்டோட வந்த பெரிய புல்லி, கம்பெனி ஏர்பாக்ஸ், கட்டுக் கட்டா ரசீது. "பூஸ்ட் கூடட்டும்னு சின்னப் புல்லியை நான்தான் மாட்டினேன். ட்யூனை மாத்தலை, காசில்லை. அதுக்கப்புறம்தான் அந்தக் கோடு"ன்னான், தரையைப் பார்த்துக்கிட்டு. முக்கால் மணி நேரமா ஸ்கேனரும் விரலும் துழாவிக்கிட்டு இருந்த விஷயம் ஒரு டப்பா புளிசாதத்துல வந்து விழுந்துச்சு.

பேச்சு சுமுகமா முடிஞ்சுது. பழைய புல்லியைத் திரும்ப மாட்டி, ஸ்மாக் சர்டிஃபிகேட் அவன் வாங்கணும். சிலிண்டர்ல காத்து எவ்வளவு கசியுதுன்னு பார்க்கிற லீக்டவுன் டெஸ்ட் காசு மச்சானோடது. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் இருபது சதவீதத்தைத் தாண்டிக் கசிஞ்சா வண்டி அங்கேயே நிக்கட்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எஞ்சின் ஜில்லுனு இருக்கிறப்பவே வரச் சொல்லியிருக்கான். மச்சான் மூணு அலாரம் வெச்சாச்சு. அத்தை இப்பவே புளி ஊறப் போடுறாங்க, இந்தத் தடவை அவனுக்குத் தனி டப்பாவாம். பின்சீட்ல ஒரு ஆளும் கால் நீட்ட முடியாத அந்த வண்டி வந்தா அத்தை எங்க உட்காருவாங்கன்னு மட்டும் எவனும் யோசிக்கலை.