தட்டு எண் 17

ஜூன் 9
நெல்லுக்குள் உப்பைத் தாங்கும் மரபணுவை ஏற்றும் என் முயற்சியில், மரபணு ஏறாத செல்களைக் களையும் மூன்றாம் சுற்றுத் தேர்வு இன்றோடு முடிந்தது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஹைக்ரோமைசினில் (எதிர்ப்பு மரபணு ஏறாத செல்லைக் கொல்லும் மருந்து) மற்றத் தட்டுகளின் காலஸ்கள், அதாவது வடிவமற்ற திசுத் திரள்கள், எல்லாம் பழுப்பேறிக் கிடக்க, 17-இல் மட்டும் ஒன்று வெளிர்மஞ்சளாக, மணிமணியாகத் திரண்டிருக்கிறது. அதை நான்கு துண்டாக்கி, காலஸாகவே வளரவைக்கும் 2,4-டி என்ற ஊக்கி இல்லாத, தளிர் விடவைக்கும் மறுவளர்ச்சி ஊடகத்தில் வைத்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஜூன் 12
நேற்றிரவு மின்சாரம் இல்லை. காலையில் வளர்ப்பறையில் 33 டிகிரி இருந்தது.

ஜூன் 16
இதற்கு ஏ.எஸ்.டி. 16 என்ற இண்டிகா நெல் ரகத்தை எடுத்திருக்க வேண்டாமோ என்ற எண்ணம் மறுபடியும் வந்துவிட்டது. 1994-இல் ஜப்பானில் அக்ரோபாக்டீரியம் வழியாக (தன் டி.என்.ஏ. துண்டைச் செடிக்குள் செலுத்தும் மண் பாக்டீரியம்; நானும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்) திறம்பட மரபணு ஏற்றிக் காட்டியது ஜப்பானிக்கா நெல்லில்தான். அந்த வழிமுறையை அப்படியே பின்பற்றினாலும் இண்டிகா ரகங்கள் பலவற்றில் காலஸ் நன்றாகத் திரள்வதில்லை, திரண்டாலும் தளிர் விடுவது அரிது. ஆனால் அம்பாசமுத்திரத்தில் உருவான இந்தக் குண்டு நெல்லைத்தான் எங்கள் ஊரில் விதைக்கிறார்கள். நான் ஏற்றும் மரபணு, உப்பைத் தாங்கும் வங்காளத்து நோனா போக்ரா நெல்லில் 2005-இல் இனங்கண்டது; இலைக்கு ஏறும் சோடியத்தை வழியிலேயே, நீரேற்றும் சைலக்குழாயை ஒட்டிய செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதத்தை உருவாக்குகிறது. அது அந்தச் செல்களில் மட்டுமே இயங்க வேண்டும் என்பதற்காகத்தான் அதன் சொந்த முன்னூக்கியோடு, அதாவது மரபணு எங்கே இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதியோடு, கட்டமைப்பை உருவாக்க ஓராண்டு செலவிட்டேன். இவ்வகை மரபணுவை எல்லாச் செல்களிலும் இயங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் பார்த்திருக்கிறார்கள்: தண்டில் உப்பு கூடித்தான் போனது.

ஜூன் 24
ஒரு துண்டில் பச்சைப் புள்ளி. ஒன்றுதான்.

ஜூன் 25
இன்றும் இருக்கிறது.

ஜூலை 3
மற்ற மூன்று துண்டுகளும் கருத்துவிட்டன. ஆய்வகத்து அக்கா, "தினம் தினம் திறந்து பார்க்காதேம்மா, பூஞ்சை ஏறிவிடும்" என்றார். நான் மூடியைத் திறப்பதில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்கிறேன்.

ஜூலை 14
இலை நுனியிலிருந்து டி.என்.ஏ. எடுத்தேன். ஏ.எஸ்.டி. 16-க்கும் இதே மரபணுவின் சொந்த வடிவம் உண்டு என்பதால், அதோடு சேர்த்து ஏற்றிய ஹைக்ரோமைசின் எதிர்ப்பு மரபணுவுக்கான பிரைமரை (அதை மட்டும் தேடிப் பிடிக்கும் குறுந்துண்டு) வைத்தே, டி.என்.ஏ.-வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையைச் செய்தேன். மாற்றம் செய்யாத செடியிலும் வெறும் நீரிலும் ஒன்றுமில்லை; 17-இன் வரிசையில் நான் ஏற்றிய டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடின் பட்டைக்கு நேராகத் தெளிவான பட்டை. கை நடுங்கியதால் ஜெல்லின் படத்தை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

ஜூலை 15
உறக்கம் வரவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிமில் எத்தனை முறை கழுவினாலும் திசுவின் இடுக்கில் அக்ரோபாக்டீரியம் உயிரோடு ஒளிந்திருக்கக்கூடும். அப்படியிருந்தால் நேற்று நான் கண்டது நெல்லின் டி.என்.ஏ. அன்று, பாக்டீரியத்தினுடையது. பாக்டீரியத்திலேயே தங்கிவிடும், செடிக்குள் செல்லாத வீரிய (vir) மரபணு ஒன்றுக்குப் பிரைமர் வைத்து, அங்கே பட்டை வராமல் இருந்தால்தான் மனம் அடங்கும்.

ஜூலை 18
அந்தச் சோதனையில் மிக மங்கலாக ஒரு பட்டை வந்திருக்கிறது.

ஜூலை 19
வழிகாட்டி அம்மையாரிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், புதிதாக விரியும் இலையிலிருந்து மறுபடி எடுக்கச் சொன்னார். மரபணு நெல்லின் டி.என்.ஏ.-வில் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் சதர்ன் பிளாட் சோதனைக்குச் செடி இன்னும் பெரிதாக வேண்டும். அந்தப் புது இலை இப்போது இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கிறது.