விலக்கிய உரிமை திரும்பி வந்த வழி: அடுக்கு ரோல்களைச் சோதித்த அனுபவம்

சம்பள அட்டவணையைப் படிக்கும் உரிமையைச் சக ஊழியர் ஒருவரின் கணக்கிலிருந்து விலக்குமாறு கடந்த ஆண்டு என்னிடம் கேட்டார்கள். உரிமையை விலக்கும் ரிவோக் கட்டளையைக் கொடுத்தேன். எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் ‘ரிவோக்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் தந்தது. வேலை முடிந்தது என்று நானும் தெரிவித்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த ஊழியரே என் மேசைக்கு வந்து, எல்லோருடைய சம்பளமும் தன் திரையில் இன்னும் தெரிகிறது என்று தயங்கியபடியே சொன்னார். அவர் வந்து சொல்லியிராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த உரிமை அவருடைய பெயருக்கு நேரடியாகத் தரப்படவே இல்லை என்பதுதான் காரணம். இல்லாத ஒன்றை விலக்கச் சொன்னால் போஸ்ட்கிரெஸ் அதைப் பிழையாகக் கருதாது. கட்டளை வெற்றி என்றே முடியும். 2005-இல் வெளிவந்த 8.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் பயனர் வேறு, குழு வேறு என்ற பிரிவு கிடையாது. இரண்டும் ரோல்தான், அதாவது உரிமைகளைத் தாங்கும் ஒரு பெயர். ஒரு ரோலை இன்னொன்றில் உறுப்பினராக்கி அதன் உரிமைகளைப் பெறச் செய்யலாம், அதை வேறொன்றில் உறுப்பினராக்கலாம், இப்படி எத்தனை அடுக்கும் போகலாம்; வட்டமாகச் சுற்றி வருவதை மட்டும் அது மறுத்துவிடும். எங்களிடம் பல ஆண்டுகளாகப் பலர் கட்டிய அடுக்குகள் இருந்தன. யாருக்கு எது எந்த வழியாக வருகிறது என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் 14-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாறும் வேலையும் தொடங்கியிருந்ததால், இரண்டு பதிப்புகளிலும் இந்தக் கட்டமைப்பை அப்படியே எழுப்பிச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சோதனைத் தரவுத்தளத்தில் உண்மையான தரவு எதையும் வைக்கவில்லை. வெற்று அட்டவணைகளே போதுமானவையாக இருந்தன. ரோல்களுக்குத் தமிழிலேயே பெயரிட்டேன். போஸ்ட்கிரெஸ் அதை மேற்கோள் குறிகூட இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் எல்லை, யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும் என்பதால், நீண்ட பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். அதற்காகவே பெயர்களைச் சுருக்கமாக வைத்தேன்.

சம்பள அட்டவணையைப் படிக்கும் உரிமை ‘சம்பளப்_பார்வை’ என்ற ரோலிடம் இருந்தது. அதில் ‘கணக்கு’ உறுப்பினர்; கணக்கில் ‘தணிக்கை’ உறுப்பினர்; தணிக்கையில் ‘கிளை’ உறுப்பினர்; அந்த ஊழியர் கிளையைச் சேர்ந்தவர். தணிக்கை ரோலுக்கு நோஇன்ஹெரிட் (உறுப்பினராக இருந்தாலும் உரிமை தானாக வந்துசேராது) என்று அமைத்திருந்ததால், மேலிருந்து வரும் உரிமை அந்த இடத்தோடு நின்றுவிடும் என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

முதல் சுற்றுச் சோதனையை நான் தவறாகவே செய்தேன். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்து, வேறொரு ரோலாக மாறும் செட் ரோல் கட்டளையைக் கொடுத்து அந்த ஊழியரின் கணக்குக்கு மாறி, அங்கிருந்து மறுபடியும் செட் ரோல் கொடுத்துப் பார்த்தேன். எந்த ரோலுக்கும் தடையின்றி மாற முடிந்தது. மாற முடியவே கூடாத ரோலுக்கும் மாற முடிந்தபோதுதான் சந்தேகம் வந்தது. செட் ரோல் மாற்றுவது நடப்புப் பயனரை மட்டுமே. அடுத்த செட் ரோலை அனுமதிக்கலாமா என்று போஸ்ட்கிரெஸ் பார்ப்பது அமர்வுப் பயனரை, அதாவது முதலில் உள்ளே நுழைந்த என்னை. அமர்வுப் பயனர் சூப்பர்யூசராக இருக்கும்வரை எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கும். அன்று கிடைத்த முடிவுகளையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு கணக்காகவும் அதனதன் கடவுச்சொல்லோடு தனித்தனியே உள்நுழைந்து மறுபடியும் தொடங்கினேன். இந்தச் சோதனையில் குறுக்குவழி எடுக்கக் கூடாத இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் படம் தெளிவாகத் தெரிந்தது. பிஜி_ஹேஸ்_ரோல் என்ற செயற்கூறிடம் ‘மெம்பர்’ என்று கேட்டால், நேராகவோ சுற்றியோ உறுப்பினரா என்று மட்டும் சொல்லும். ‘யூசேஜ்’ என்று கேட்டால், செட் ரோல் இல்லாமலே அந்த உரிமை இப்போது கையில் இருக்கிறதா என்று சொல்லும். தணிக்கை வழியை மட்டும் வைத்துப் பார்த்தபோது முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று வந்தது. நோஇன்ஹெரிட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 14-ஆம் பதிப்பில் உறுப்பினராக இருந்தாலே செட் ரோல் கொடுத்துச் சம்பளப்_பார்வையாகவே மாறிவிடலாம். ஒரே ஒரு வரி தட்டினால் போதும். நாங்கள் பூட்டு என்று நினைத்திருந்தது வெறும் திரைச்சீலை.

அப்படியானால் செட் ரோல் கொடுக்காமலே அவர் திரையில் சம்பளம் தெரிந்தது எப்படி? யார் எதில் உறுப்பினர் என்று பதிவாகும் பிஜி_ஆத்_மெம்பர்ஸ் அட்டவணையில் மறுசுழல் வினவல் ஒன்றை எழுதி, அவருடைய கணக்கிலிருந்து சம்பளப்_பார்வைக்குச் செல்லும் எல்லா வழிகளையும் வரிவரியாக எடுத்தேன். இரண்டு வழிகள் வந்தன. மாத இறுதிக் கணக்கு முடிப்புக்காக என்றோ உருவாக்கிய ‘மாத_இறுதி’ என்ற ரோலும் கணக்கு ரோலில் உறுப்பினராக இருந்தது. அதற்குள் கிளையையும் யாரோ சேர்த்திருந்தார்கள். அங்கே நோஇன்ஹெரிட் இல்லை. ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

இந்தக் கட்டமைப்பை எழுப்பும் அதே நிரலை 16-ஆம் பதிப்பில் ஓட்டியபோது தணிக்கை வழியும் திறந்துகொண்டது. ஒரு முழு மாலை நேரம் இதில் போயிற்று. என் நிரல் முதலில் உறுப்பினராக்கும் கிராண்ட் கட்டளைகளைக் கொடுத்து, கடைசியில், ரோலின் பண்பை மாற்றும் ஆல்டர் ரோல் மூலம் நோஇன்ஹெரிட்டை அமைத்தது. 14-இல் அந்தப் பண்பு ரோலையே சார்ந்தது. மாற்றிய கணமே நடைமுறைக்கு வரும். 2023-இல் வெளிவந்த 16-இல், உரிமை பாய்வதா இல்லையா என்பது ஒவ்வொரு கிராண்டோடும் தனித்தனியே பதிவாகிறது. ரோலின் பண்பு இனிமேல் தரப்போகும் கிராண்டுகளுக்கான இயல்புநிலையை மட்டுமே தீர்மானிக்கும். ஏற்கெனவே தந்தவை மாறுவதில்லை. கட்டளை பிழையின்றி முடியும், உரிமையோ பழையபடியே பாயும். பழைய நிரல்களை அப்படியே எடுத்துச் செல்பவர்கள் இதை அவசியம் சோதிக்க வேண்டும். மாற்றம் நல்லதற்குத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்: இப்போது இன்ஹெரிட்டையும் செட்டையும் ஒவ்வொரு கிராண்டிலும் தனித்தனியே மறுக்கலாம் என்பதால், முன்பு அடைக்க முடியாத செட் ரோல் வழியையும் அடைக்க முடிகிறது.

என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொன்று. கணக்கு ரோல், சில அட்டவணைகளின் உரிமையாளராகவும் இருந்தது. உரிமையாளர் என்ற நிலையும் மற்ற உரிமைகளைப் போலவே கீழே பாயும். ஊழியரின் கணக்கில் நுழைந்து, பிறகு திரும்பப் பெற வசதியாகப் பிகின் கொடுத்துவிட்டு, அட்டவணையையே அழிக்கும் டிராப் டேபிள் என்று தட்டினேன். மறுப்பு வரும் என்று காத்திருந்தேன். ‘டிராப் டேபிள்’ என்றே பதில் வந்தது. உடனே, செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக் கொடுத்தேன். சோதனைத் தரவுத்தளம்தான் என்று தெரிந்திருந்தும் கை நடுங்கியது. உரிமைப் பட்டியல் எதிலும் டிராப் என்று ஓர் எழுத்து இருக்காது. அட்டவணை மீது உரிமை உண்டா என்று சொல்லும் ஹேஸ்_டேபிள்_பிரிவிலேஜ் செயற்கூறும் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. தரவுத்தளத்தையும் ரோலையும் உருவாக்க விடும் கிரியேட்டிபி, கிரியேட்ரோல் போன்ற பண்புகள் மட்டும் தாமாகப் பாய்வதில்லை.

எல்லா அட்டவணைகளின் உரிமையையும் உள்நுழைவு இல்லாத தனி ரோல் ஒன்றுக்கு மாற்றினோம். மாத_இறுதியிலிருந்து கிளையை நீக்கினோம். தணிக்கைக்குத் தந்த உறுப்பினர் உரிமையை இன்ஹெரிட்டும் செட்டும் இல்லாமல் மறுபடியும் தந்தோம். கணக்கு, அட்டவணை, செயல், எதிர்பார்க்கும் விடை என்று வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பு இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓடுகிறது. அதில் ‘முடியக் கூடாது’ என்ற வரிகளே அதிகம்.

அந்த ஊழியரை அழைத்து அவர் கையாலேயே பார்க்கச் சொன்னேன். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. உடனே அவர், விடுப்பு நாள்களும் அதே அட்டவணையில்தானே இருக்கின்றன, அவை இல்லாமல் வேலை நடக்காதே என்றார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அட்டவணையிலிருந்து பெயரும் விடுப்பும் மட்டும் தெரியும் காட்சி (வியூ) ஒன்றை உருவாக்கிக் கிளைக்குத் தந்தேன். காட்சி வழியாகப் படிக்கும்போது, அடியிலுள்ள அட்டவணைக்குக் காட்சியின் உரிமையாளரது அனுமதியே பார்க்கப்படும் என்பதால், சம்பள அட்டவணையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. 15-ஆம் பதிப்பில் வந்த செக்யூரிட்டி_இன்வோக்கர் தேர்வு அந்த வழக்கத்தை மாற்றிவிடும் என்பதால் அதை அமைக்காமல் விட்டேன். கோப்பில் அவர் கணக்குக்கு இரண்டு வரிகள் கூடின: காட்சியைப் படிக்க முடியும், அட்டவணையைப் படிக்க முடியாது.